மலை ஏறினா இழுவை போகுது, இன்ஜின் லைட் எரியுது – 2010 டீசல் எஸ்யூவி

பொருநைக்கரை

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். ஊரு கல்லிடைக்குறிச்சி. போன வருசம் ஒரு பழைய எஸ்யூவி எடுத்தேன். 2010 மாடல், 2.2 லிட்டர் காமன் ரயில் டர்போ டீசல் (நாலு இன்ஜெக்டருக்கும் ஒரே அழுத்தக் குழாய்ல இருந்து டீசல் போற ரகம், அந்தக் குழாய்தான் ரயில்), புகை விதி பிஎஸ் 3, டிஎன் 69 பதிவு. நான் மூணாவது ஓனர். மீட்டர் ஒண்ணே முக்கால் லட்சம் காட்டுது. அதை நானே நம்பல, நீங்களும் நம்ப வேண்டாம். கம்பெனி பேரை வேணும்னேதான் எழுதல. எழுதுனா எந்தக் கம்பெனி ஒசத்தின்னு இழை முழுக்க சண்டைதான் நடக்கும்.

ஊருக்குள்ள ஓட்டும்போது ஒரு குறையும் இல்ல. அம்பை, சேரன்மாதேவி, திருநெல்வேலி ஜங்ஷன்னு எங்க போனாலும் நல்லாத்தான் ஓடுது. நாங்குநேரி தாண்டி நாலுவழிச்சாலையில 100ல விட்டாலும் முக்கல் முனகல் கிடையாது. ஆனா பாபநாசம் செக்போஸ்ட் தாண்டி சொரிமுத்தையனார் கோவிலுக்கு மலை ஏறுனா, ரெண்டாவது கியர்ல வளைவு திரும்பி மிதிக்கும்போது இன்ஜின் லைட் எரியும். உடனே இழுவை போயிரும். எம்புட்டு மிதிச்சாலும் 2500 ஆர்பிஎம் தாண்டாது. சில நேரம் ஆப்பே ஆயிரும். சாவிய ஆப் பண்ணிப் போட்டா மறுபடி ஓடுது. டோல்கேட்ல நின்னு கெளம்பும்போதும் சமயத்துல இதே கூத்து. போன தடவ நடுவளைவுல நின்னுட்டு, பின்னால வந்த வேன்காரர் எறங்கி வந்து பேசுன பேச்சை இங்க எழுத முடியாது.

ஒர்க்ஷாப்புல ஸ்கேனர் போட்டு ரயில் பிரஷர் சென்சார் மாத்துனாங்க. அப்பவும் அப்படியேதான். இப்ப டர்போ தள்ளுற காத்தோட அழுத்தத்தப் பாக்குற பூஸ்ட் சென்சார் மாத்தணும்ங்காங்க. அதுக்கும் கேக்கலேன்னா டீசல் பீச்சுற இன்ஜெக்டர் நாலும் மாத்த எழுபதாயிரம் ஆகும்னு எஸ்டிமேட் குடுத்திருக்காங்க. எங்கன இருந்து ஆரம்பிக்கணும்னு சொல்லுங்க.

ஆலங்குளத்தான்

வித்துருங்க. 2010 மாடல்னா 15 வருசக் கணக்கு வந்துட்டு. ஆர்சி புதுப்பிக்க ஃபீஸையே 2022 ஏப்ரல்ல 5000 ஆக்கிட்டாங்க. அதுக்கு மேல பெயிண்ட், டயர், லைட்டுன்னு செலவு. எழுபதாயிரத்தை இந்த வண்டிக்குள்ள போட்டா அது திரும்பி வராது.

பம்ப்ரூம் தம்பி

ஆலங்குளம் அண்ணாச்சி எல்லா இழையிலயும் இதையேதான் சொல்லுதாரு, அவரு வண்டிய மட்டும் விக்கவே மாட்டாரு.

நான் டீசல் பம்ப் சர்வீஸ்ல இருக்கேன். லோடு ஏறும்போது மட்டும் இழுவை போகுதுன்னா எனக்கு முதல் சந்தேகம் டீசல் லைன் மேலதான். முதல்ல டீசல் பில்டர் எப்ப மாத்துனீங்க? பில்டருக்கு அடியில தண்ணி வடிக்கிற திருகு இருக்கும். ஒரு கண்ணாடி பாட்டில்ல வடிச்சு வச்சுப் பாருங்க. தண்ணி இருந்தா அடியில தனியாத் தங்கும். அடுத்து, டேங்குல இருந்து வர்ற ஹோஸ்ல ஏர் பிடிக்குதான்னு பாக்கணும். பில்டர்ல இருந்து பம்புக்குப் போற இடத்துல கொஞ்ச தூரம் தெளிவான ஹோஸ் போட்டா குமிழி ஓடுறது கண்ணுக்கே தெரியும்.

அதுக்கப்பறந்தான் இன்ஜெக்டர். இன்ஜெக்டர்ல இருந்து எரியாம திரும்புற டீசலை அளக்குற ரிட்டர்ன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க. நாலு இன்ஜெக்டரோட ரிட்டர்ன் பைப்பையும் கழட்டி, ஒரே அளவு பாட்டில் நாலுல விட்டு, ஐடிலிங்ல கொஞ்ச நேரம் ஓட விடணும். நாலுலயும் ஏறக்குறைய ஒரே அளவு டீசல் சேர்ந்தா நல்லது. ஒண்ணுல மட்டும் ரெண்டு மடங்கு வந்தா அந்த ஒண்ணைக் கழட்டணும், நாலையும் இல்ல. பாட்டில்ல அளக்காம எஸ்டிமேட் குடுக்குறவங்கள நம்பாதீங்க.

காலைல செல்ஃப் ரொம்ப நேரம் அடிக்கணுமா? கரும்புகை தள்ளுதா?

முப்பந்தல் காத்து

எரர் கோடு என்னன்னு எழுதாம "ஸ்கேனர் போட்டாங்க"ன்னா எப்படி? டாக்டர் பாத்தாரு, ஆனா என்ன சீக்குன்னு சொல்லலன்னு எழுதுற மாதிரி இருக்கு. கோடு நம்பரை அப்படியே எழுதுங்க. ஒண்ணு விடாம.

இன்னொண்ணு, ஆன்லைன்ல வாங்குன புளூடூத் டாங்கிள் வச்சுப் பாத்துட்டு "ஒண்ணும் காட்டல, வண்டி நல்லாருக்கு"ன்னு முடிவு பண்ணிராதீங்க. கோளாறை எல்லா ஸ்கேனருக்கும் ஒரே பாஷையில சொல்லுற ஓபிடி 2 இங்க கட்டாயம் ஆனது 2013 ஏப்ரல்ல, அதுவும் பிஎஸ் 4 வண்டிக்கு. பிஎஸ் 4 நாடு முழுக்க வந்ததே 2017 ஏப்ரல்லதான். உங்களுது 2010 பிஎஸ் 3. டேஷ்போர்டுக்கு அடியில அதே 16 பின் சாக்கெட் இருக்கும், ஆனா வண்டி பேசுற பாஷை கம்பெனிக்குன்னு தனி. டாங்கிள் கனெக்டே ஆகாது, இல்லேன்னா பாதிதான் காட்டும். கம்பெனி புரோட்டோகால் தெரிஞ்ச ஸ்கேனர் வேணும்.

கடையம் டீச்சர்

டிஎன் 69 என்றால் தூத்துக்குடி பதிவு. 2023 டிசம்பர் 17, 18 மழையில் இந்த வண்டி எங்கே நின்றது என்று விசாரித்தீர்களா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கமெல்லாம் தண்ணீரில் நின்ற வண்டிகள் அடுத்த வருடம் துடைத்துப் பளபளப்பாக்கி விற்பனைக்கு வந்தன. எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்றை வாங்கப் பார்த்து, கடைசி நேரத்தில் விட்டுவிட்டோம்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வெளியே தெரியும் பகுதியைக் கழுவியிருப்பார்கள், உள்ளே சுருண்டு கிடக்கும் முழத்தைக் கழுவ யாருக்கும் பொறுமை இருக்காது. சேற்றுக் கோடு இருந்தால் அதில் தெரிந்துவிடும். சீட் அடி போல்ட், கார்பெட்டுக்குக் கீழே போகும் வயர், ப்யூஸ் பாக்ஸின் பின்பக்கம் இவற்றையும் பாருங்கள்.

பொருநைக்கரை

எல்லாருக்கும் பதில் ஒண்ணா எழுதுதேன்.

டீச்சர், பெல்ட்டை இழுத்துப் பாத்தேன். நாலு சீட்டுலயும் சுத்தம். கார்பெட் தூக்கிப் பாத்தாச்சு, மணல் கொஞ்சம் இருக்கு, அது எங்க வீட்டுப் பிள்ளைங்க கால்ல கொண்டாந்தது. முன்னால இருந்தவரு வீடு கோவில்பட்டி பக்கம், வெள்ளத்துக்கும் அந்த வண்டிக்கும் சம்பந்தம் இல்லன்னு சொல்லுதாரு.

தம்பி, காலைல ஒரே செல்ஃப்ல எடுக்குது. புகை இல்ல. பில்டர் புதுசு மாத்தியாச்சு, பழசுல வடிச்ச டீசல்ல சொட்டுத் தண்ணி இல்ல. ரிட்டர்ன் டெஸ்ட்டும் எடுத்தோம். மூணு பாட்டில் ஒரே மட்டம், ஒண்ணு ஒரு விரக்கடை கூட. அம்புட்டுதான்.

கோடு விசயம்: ஒர்க்ஷாப்புல குடுத்த சீட்டுல ரெண்டுதான் இருந்தது. பி 0192, பி 0237. ஒண்ணு ரயில் பிரஷர், ஒண்ணு பூஸ்ட். நான் திரும்பப் போயி ஸ்கேனர் ஸ்கிரீனை போட்டோ எடுத்தேன். அதுல மூணாவதா பி 0642ன்னு ஒண்ணு இருக்கு. கேட்டதுக்கு "அது சும்மா வரும், கண்டுக்காதீங்க"ன்னாங்க.

பம்ப்ரூம் தம்பி

ரிட்டர்ன்ல ஒரு விரக்கடை வித்தியாசம்னா ஒண்ணுமே இல்ல. இன்ஜெக்டர் நல்லாருக்கு. அந்த எழுபதாயிரம் உங்க பையிலயே இருக்கட்டும்.

ஆனா லோடுல பிரஷர் விழுறது ஐடிலிங்ல தெரியாது. ஹை பிரஷர் பம்ப் தேய்ஞ்சு போயிருந்தாலும், டீசலை அளந்து விடுற மீட்டரிங் வால்வு ஒட்டுனாலும் இதே சிம்ப்டம்தான் வரும். அதனால பம்பை நான் இன்னும் விடல.

பழைய வயர்மேன்

பேட்டையில நாப்பது வருசம் ஆட்டோ எலெக்ட்ரிக் வேலை பாத்து இப்பதான் ஒதுங்கியிருக்கேன். பேரன் இந்த இழையக் காட்டுனான். படிச்சுட்டு சும்மா இருக்க முடியல.

தம்பி பம்பை விடலன்னு சொல்லுதான், அதுக்குப் பதில் கோடுலயே இருக்கு. ரயில்ல டீசல் அழுத்தம் நெசமாவே கொறஞ்சா வரவேண்டிய கோடு 0087. உமக்கு வந்திருக்கது 0192. இது அழுத்தத்தப் பத்தின கோடே கிடையாது. சென்சார்ல இருந்து இசியூவுக்கு, அதாவது இன்ஜினோட கம்ப்யூட்டருக்கு, வர்ற வயர்ல வோல்டேஜ் இருக்க வேண்டிய அளவுக்குக் கீழ போயிட்டுன்னு அர்த்தம். 0237ம் அதே சாதி, பூஸ்ட் சென்சார் வயர்ல வோல்டேஜ் கம்மி. பம்ப் தேய்ஞ்சா பூஸ்ட் சென்சாருக்கு என்னவே வந்தது?

இப்ப அந்த மூணாவது கோடு. "சும்மா வரும்"னு சொன்னாவல்லா, அதுதான்வே மூலம். இசியூ சென்சாருக்கெல்லாம் 5 வோல்ட் குடுக்கும். ஒவ்வொண்ணுக்கும் தனி வயர் கிடையாது, ரெண்டு மூணு சென்சார் ஒரே 5 வோல்ட் லைன்ல தொங்கும். அந்த லைன்ல வோல்டேஜ் விழுந்தா வர்றது 0642. லைன் விழுந்தா அதுல தொங்குற அத்தனை சென்சாரும் ஒரே நேரத்துல கம்மியாத்தான் காட்டும். ரயில்ல எம்புட்டு அழுத்தம்னே தெரியாத இசியூ இன்ஜினை முழு மூச்சுல ஓட விடுமா? இழுவையக் கட் பண்ணும், இல்ல ஆப் பண்ணும்.

ஆக ரெண்டு சென்சாரும் ஒரே நேரத்துல சாகல. ரெண்டுக்கும் பொதுவா இருக்க 5 வோல்ட் வயர் எங்கயோ பாடியில, அதாவது எர்த்துல, தொட்டுட்டு விலகுது.

எங்கன தொடுதுன்னு தேடதுக்கு முன்னால எனக்கு ரெண்டு விசயம் தெரியணும். நின்னு போன வண்டி, சாவிய ஆப் பண்ணிப் போட்டதும் உடனே எடுக்குதா, இல்ல ஆற விடணுமா? ரெண்டாவது, ஒரு நல்ல மேட்டுல ரிவர்ஸ் கியர்ல ஏத்திப் பாரும். அப்ப லைட் எரியுதா?

முப்பந்தல் காத்து

ரிவர்ஸ்லயா? எதுக்கு அண்ணாச்சி?

பழைய வயர்மேன்

அவரு பதில் சொல்லட்டும். முன்னாடியே சொல்லிட்டா மனசு அதுக்கேத்த மாதிரி பாக்கும்.

ஆலங்குளத்தான்

இன்ஜின் சுத்துறதைப் பாக்குற கிராங்க் சென்சாரா இருக்கப் போகுது. என் வண்டியில அதுதான். சூடேறுனா நின்னுரும்.

பழைய வயர்மேன்

கிராங்க் சென்சார் சூட்டுல போனா, உள்ள இருக்க காயில் விரிஞ்சு அத்துக்கிடும். ஆறுனாதான் திரும்பச் சேரும். அரை மணி நேரம் ரோட்டோரம் உக்காரணும். செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளைப் பாத்தா, பல வண்டியில துளியும் அசையாம கெடக்கும். அது ஒரு நல்ல அடையாளம். கோடும் 0335னு வரும். இவருக்கு சாவிய ஆப் பண்ணிப் போட்டா ஓடுதுன்னு முதல்லயே எழுதியிருக்காரு. நானும் மறுபடி கேட்டது உறுதிப்படுத்தத்தான்.

பொருநைக்கரை

அண்ணாச்சி, உடனேதான் எடுக்குது. ஒரு நிமிசம்கூட ஆற விடல.

ரிவர்ஸ்: மணிமுத்தாறு போற வழியில ஒரு சரளை மேடு இருக்கு. மொதல்ல முன்கியர்ல போட்டு நின்னு கெளம்புனேன், லைட் எரிஞ்சுது. திருப்பி நிறுத்தி ரிவர்ஸ்ல நல்லா மிதிச்சு ஏத்துனேன். எரியவே இல்ல. திரும்பத் திரும்ப ஏத்தியும் எரியல. ஆடு மேச்சுக்கிட்டு இருந்த பெரியவரு நான் கோட்டி புடிச்சவன்னு முடிவே பண்ணிட்டாரு.

பழைய வயர்மேன்

சரியாப் போச்சு. இப்ப சொல்லுதேன்.

இன்ஜின் சக்கரத்தைத் திருப்பும்போது, சக்கரமும் இன்ஜினை எதிர்ப்பக்கமா முறுக்கும். ரப்பர் மவுண்டிங்தான் அதைப் பிடிச்சு வச்சிருக்கு. கியர் கொறையக் கொறைய அந்த முறுக்கம் கூடும். ஒண்ணாவது கியர்ல இன்ஜினோட இழுவையப் போல ஏறத்தாழ நாலு மடங்கு, ரெண்டாவதுல ரெண்டு மடங்குக்கு மேல. அஞ்சாவது கியர்ல 100ல போகும்போது அது பெருசா இருக்காது. அதனாலதான் நாலுவழிச்சாலையில ஒண்ணுமே தெரியல, மலையிலயும் டோல்கேட்லயும் மட்டும் தெரியுது. டீசல் வரத்துக் கொறையா இருந்தா 100ல போகும்போதும் முக்கணும்வே, அங்கயும் டீசல் நெறைய வேணும்.

ரிவர்ஸ்ல முறுக்கம் எதிர்ப்பக்கம் திரும்பும். முன்கியர்ல ஒரு பக்கம் தூக்குற இன்ஜின், ரிவர்ஸ்ல மறுபக்கம் தூக்கும். உமக்கு ஒரு திசையில மட்டும் வருது. அப்ப வயர் எந்தப் பக்கம் இழுபடுதுன்னும் தெரிஞ்சு போச்சு. உம்ம மாதிரி இன்ஜின் நீளவாக்குல உக்காந்திருக்க வண்டியில, முன்கியர்ல மிதிச்சா சாதாரணமா கிளீனர் பக்கந்தான், அதாவது இடது பக்கந்தான், மேல எழும்பும். டிரைவர் பக்கம் அழுந்தும்.

இப்ப செய்ய வேண்டியது. ஒரு மல்டிமீட்டர் எடுத்துக்கிடும். பூஸ்ட் சென்சார்ல வயர் சொருகியிருக்க கப்ளரைக் கழட்டாம, பின்பக்கமா மெல்லிசா ஒரு ஊசிய வயரோட ஒட்டிச் செருகும். வயரோட தோலைக் குத்திராதேயும், குத்துன ஓட்டையில தண்ணி போயி பச்சை பூத்து ஆறு மாசத்துல அடுத்த பிரச்சினை வரும். சாவி ஆன், இன்ஜின் ஆப். ஒரு வயர்ல 5 வோல்ட் நிக்கணும். மீட்டரோட சிவப்பு முனைய அந்த ஊசியில, கருப்பு முனைய பேட்டரி நெகட்டிவ்ல வையும்.

அப்படியே இன்னொருத்தர விட்டு கிளீனர் பக்கம் போற வயரிங்கை முழம் முழமாப் புடிச்சு ஆட்டச் சொல்லும். இடிக்க வேண்டாம், இழுக்க வேண்டாம், பைய ஆட்டுனா போதும். மீட்டர்ல 5 விழுற இடந்தான் நோவு இருக்க இடம்.

அதுலயும் தெரியலன்னா இன்ஜினை ஓட விட்டு, ஹேண்ட்பிரேக் போட்டு, கால் பிரேக்கும் அழுத்தி, ஒண்ணாவது கியர்ல கிளச்சைக் கொஞ்சம் விட்டு இன்ஜின் முக்குற மாதிரி செய்யணும். ஒரு நொடிதான், கிளச்சைக் கருக்கிராதேயும். போனட்டைத் தூக்கி வச்சு பக்கவாட்டுல நின்னு ஒருத்தர் பாக்கணும். முன்னால யாரும் நிக்கக் கூடாது. இன்ஜின் ஒரு பக்கம் எம்பிக் குதிச்சா அந்தப் பக்க மவுண்டிங் போச்சுன்னு அர்த்தம்.

பம்ப்ரூம் தம்பி

அண்ணாச்சி, கோடு விசயத்துல நான் ஒத்துக்கிடுதேன். 0087க்கும் 0192க்கும் உள்ள வித்தியாசத்த எங்க கடையிலயே பாதிப் பேரு பாக்கறதில்ல. "ரயில் பிரஷர்"னு ஸ்கேனர்ல பாத்ததும் பம்பைக் கழட்டிக்கிட்டு வந்துருதாங்க, கழட்டுன பம்ப் நல்லாருக்கும்.

ஆனா ஒரு கேள்வி. ஒரு சென்சார் உள்ளுக்குள்ளயே ஷார்ட் ஆனாலும் 5 வோல்ட் விழும்லா? வயர்தான்னு எப்படி அடிச்சுச் சொல்லுதீங்க?

பழைய வயர்மேன்

நல்ல கேள்வி. விழும். அப்படி நிரந்தரமா விழுந்து கெடக்க வண்டி வந்தா மீட்டரைப் போட்டு வச்சுட்டு, அந்த லைன்ல இருக்க கப்ளரை ஒவ்வொண்ணாக் கழட்டுவேன். எதைக் கழட்டும்போது 5 திரும்பி வருதோ அந்த சென்சார்தான் குத்தவாளி. எல்லாத்தையும் கழட்டியும் வரலேன்னா வயர், அதுவும் இல்லேன்னா இசியூ. இவருக்கு இன்ஜின் ஆடுற திசையப் பொறுத்து வருது. சென்சாருக்குத் திசை தெரியாது.

முப்பந்தல் காத்து

காத்தாலையிலயும் இதே கதைதான். மேல ஏறிப் பாத்தா சென்சார் நல்லாருக்கும், ஆடுற இடத்துல கேபிள் தேய்ஞ்சிருக்கும். பார்ட் மாத்துறது லேசு, அதனால எல்லாரும் பார்ட்ட மாத்துதாங்க. வயரைத் தடவிப் பாக்க யாருக்கும் நேரம் இல்ல, அதுக்கு பில்லும் பெருசாப் போட முடியாது.

ஆலங்குளத்தான்

இதெல்லாம் எதுக்கு? எங்க மெக்கானிக்கு இன்ஜின் ஓடும்போதே பைப் நட்டை ஒவ்வொண்ணா லூஸ் பண்ணி, எந்த சிலிண்டர் வேலை செய்யலன்னு ரெண்டு நிமிசத்துல சொல்லிருவாரு.

பம்ப்ரூம் தம்பி

அண்ணாச்சி, தயவுசெஞ்சு காமன் ரயில் வண்டியில அதைச் செய்ய விடாதீங்க. பழைய ஜீப், பழைய லாரிப் பம்புல அது நடந்தது. நட்டை லூஸ் பண்ணா டீசல் சொட்டும், அம்புட்டுதான். காமன் ரயில்ல ஐடிலிங்கிலயே அழுத்தம் 250, 300 பார் இருக்கும். மிதிச்சா 1600 பார் வரைக்கும் போகும். லூஸ் நட்டு வழியா வர்ற டீசல் கண்ணுக்குத் தெரியாத ஊசியா கைத்தோலுக்குள்ள ஏறும். வெளிய பாத்தா சின்னப் புள்ளி, உள்ள சதை அழுகும். வலி கம்மியா இருக்குன்னு வீட்டுல இருந்துட்டு அப்பறம் விரலையே எடுத்த கதையெல்லாம் இந்தத் தொழில்ல உண்டு. அப்படி ஏறிட்டா உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

எந்த சிலிண்டர் சரியில்லன்னு பாக்க, இன்ஜெக்டர் கப்ளரைக்கூட ஓடும்போது உருவ வேண்டாம். ஸ்கேனர்லயே ஒவ்வொண்ணா கட் பண்ணிப் பாக்கலாம்.

நெறியாளர்

மேல இருக்கிற பதிவை எல்லாரும் படிச்சுக்கிடுங்க. நட்டு லூஸ் பண்ணுற யோசனைய இனிமே யாரும் இங்க எழுத வேண்டாம்.

பொருநைக்கரை

ஆள் கெடச்சாச்சு.

மச்சான கூப்பிட்டு ஞாயித்துக்கிழமை காலைல வீட்டு முத்தத்துலயே வச்சுப் பாத்தோம். ஊசி செருகுனதும் மீட்டர் 4.98 காட்டுச்சு, ஆடாம நின்னுது. மச்சான் வயரிங்கை முன்னால இருந்து பைய ஆட்டிக்கிட்டே வந்தான். ரேடியேட்டர் பக்கம் ஒண்ணும் இல்ல. இன்டர்கூலர் ஹோஸுக்கு அடியில கையக் குடுத்து ஒரு தள்ளு தள்ளுனதும் மீட்டர் 0.3க்கு விழுந்துட்டு உடனே ஏறிட்டு. திரும்பத் தள்ளுனா திரும்ப விழுது.

ஹோஸைக் கழட்டிப் பாத்தோம். கிளீனர் பக்க மவுண்டிங் பிராக்கெட் இருக்குல்லா, அதோட விளிம்புல வயரிங் கட்டு நேரா உரசிக்கிட்டு கெடக்கு. கட்டுக்கு மேல கருப்பு டேப் சுத்தியிருக்கு, கம்பெனி டேப் இல்ல, பெட்டிக்கடை டேப். வெயில்ல உருகி பிசுபிசுன்னு ஒட்டுது. அதைப் பிரிச்சா உள்ள மூணு வயரை வெறுமன முறுக்கிச் சேத்திருக்காங்க. ஈயம் வைக்கல, ஸ்லீவ் இல்ல. பக்கத்துலயே வயர்த் தோலுல சின்னச் சின்னப் பல்லுத் தடம். எலி கடிச்சிருக்கு, யாரோ அவசரத்துக்கு முறுக்கிவிட்டு டேப் ஒட்டியிருக்காங்க. முறுக்குன இடத்துல ஒரு கம்பி இழை டேப்பைக் கிழிச்சுக்கிட்டு வெளிய நிக்கி. பிராக்கெட்டுல அந்த இடத்துல மட்டும் பெயிண்ட் போயி பளபளன்னு ஒரு புள்ளி.

முன்னால இருந்தவரக் கேட்டேன். வண்டி ஒரு அறுவடை முடியுற வரைக்கும் களத்துப் பக்கம் ஷெட்ல சும்மா நின்னுதாம்.

பிரேக்கை அழுத்தி கிளச்சை விட்டும் பாத்தோம். கிளீனர் பக்கம் இன்ஜின் ரெண்டு விரக்கடை எம்புது. மவுண்டிங் ரப்பர் இரும்பை விட்டுப் பிரிஞ்சே போச்சு.

கடையம் டீச்சர்

எலிதானா! எங்கள் பக்கம் பிசானம் அறுவடை முடிந்ததும் வயலில் இருக்கும் எலி எல்லாம் வீட்டுக்கும் காருக்கும்தான் குடி வரும். போனட்டுக்குள் அந்துருண்டை, புகையிலை எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. புகையிலையை எடுத்துப் போய்க் கூடு கட்டியது. பின்னே தினமும் வண்டியை எடுத்து ஒரு சுற்று ஓட்டுவதும், இரவில் போனட்டைக் கொஞ்சம் திறந்து வைப்பதும்தான் பலன் தந்தது.

பழைய வயர்மேன்

ரெண்டையும் சேத்துத்தான் பாக்கணும், ஒண்ணை மட்டும் செஞ்சா திரும்ப வரும். வயரை மட்டும் ஒட்டுனா, மவுண்டிங் ஆடி அடுத்த இடத்துல உரசும்.

முறுக்குன இடத்தை அப்படியே ஈயம் வச்சு மூடாதேயும். கருத்துப் போன செம்புல ஈயம் பிடிக்காது. ரெண்டு பக்கமும் நல்ல செம்பு தெரியிற வரைக்கும் வெட்டி, அதே கனத்துல வயர்த் துண்டு சேத்து, மூணு ஜாயிண்டும் ஒரே இடத்துல வராம ஏத்தி இறக்கி வையும். ஒவ்வொண்ணுக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், உள்ள பசை இருக்க ரகம். மொத்தத்துக்கும் மேல நெளிநெளி பிளாஸ்டிக் குழாய். பிராக்கெட்டை விட்டு விலக்கி, இன்ஜின் ஆடுனாலும் இழுபடாத அளவுக்குக் கொஞ்சம் தொங்கல் விட்டு கிளிப் போடும். வெல்டிங் பட்டறையில குடுத்து பிராக்கெட் விளிம்பை ராவிக்கிடும்.

மவுண்டிங் ரெண்டு பக்கமும் மாத்தும். ஒண்ணு புதுசு ஒண்ணு பழசுன்னா இன்ஜின் சாஞ்சு உக்காரும்.

பொருநைக்கரை

மவுண்டிங் ரெண்டும் கியர்பாக்ஸ் மவுண்டிங்கும் மாத்தியாச்சு, அதுவும் வெடிச்சுப் போயிருந்தது. வயர் வேலைய அண்ணாச்சி சொன்னபடியே வண்ணாரப்பேட்டையில ஒரு ஆட்டோ எலெக்ட்ரீசியன்கிட்ட குடுத்தேன். அவரு தொங்கல் விடுறதைப் பாத்து "எவரு சொன்னாரு இதை"ன்னு கேட்டாரு. எல்லாம் சேத்து எஸ்டிமேட் போட்ட தொகையில பத்துல ஒரு பங்குகூட ஆகல.

கோடெல்லாம் அழிச்சுட்டு காரையார் வரைக்கும் போயிட்டு வந்தாச்சு. லைட் எரியல. ஏறும்போது ஸ்டீயரிங்ல வர்ற அதிர்வும் கொறைஞ்சிருக்கு, அது மவுண்டிங் வேலைன்னு இப்பத்தான் தெரியுது. ஸ்கேனர் திரும்பப் போட்டுப் பாத்தேன், மூணு கோடும் வரல.

இப்ப ஒரு சந்தேகம். மொதல்ல கழட்டுன பழைய ரயில் பிரஷர் சென்சாரை ஒர்க்ஷாப்புல கேட்டு வாங்கி வச்சிருக்கேன். அது நல்லாத்தானே இருக்கும்? புதுசைத் திருப்பிக் குடுத்துட்டு பழசைப் போட்டுக்கிடலாமா?

பம்ப்ரூம் தம்பி

நல்லாத்தான் இருக்கும். ஆனா போடாதீங்க. அந்த சென்சாருக்கு வாஷர் கிடையாது, முனை இரும்போட இரும்பா அழுந்தி சீல் ஆகும். ஒரு தடவ அழுந்துன முனை திரும்ப அதே மாதிரி உக்காராது, 1600 பார்ல கசிஞ்சா என்ன ஆகும்னு மேலயே எழுதியிருக்கேன். போட்டிருக்க புதுசை அசைக்காதீங்க. பில் இருக்கட்டும், வாரண்டி இருக்கும்.

ஆலங்குளத்தான்

இப்ப வண்டி நல்லாருக்குல்லா, இப்ப வித்தா நல்ல வெலை போகும்.

கடையம் டீச்சர்

எங்கள் வண்டியில் டெம்பரேச்சர் முள் குளிர்ந்த இன்ஜினிலேயே பாதிக்கு மேல் நிற்கிறது. ரேடியேட்டரைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது. அதுவும் வயர்தானா அண்ணாச்சி?

பழைய வயர்மேன்

இருக்கலாம், சென்சாராவும் இருக்கலாம் டீச்சர். அந்த சென்சார் சூடேற ஏற ரெசிஸ்டன்ஸ் கொறையிற ரகம். காலைல ஆறுன இன்ஜின்ல கப்ளரைக் கழட்டிட்டு சென்சார் பின்னுல ஓம் அளந்து சொல்லுங்க. ரெண்டாயிரம், ரெண்டாயிரத்து ஐநூறு பக்கம் வந்தா சென்சார் நல்லது, வயரைப் பாக்கணும். முந்நூறு நானூறுன்னு காட்டுனா சென்சாரையே மாத்திருங்க.

நெறியாளர்

டீச்சர், அளந்துட்டு புது இழை தொடங்குங்க. வண்டி மாடல் வருசமும் எரர் கோடும் முதல் பதிவுலயே இருக்கட்டும்.